புல்லின் உயரத்தில் ஒரு வெப்பமானி

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில், பனியில் கருகும் தேயிலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். முப்பது வருடம் மலையில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவளுக்கு இதைவிடச் சந்தோஷம் ஏது? மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

அம்மா, ஜனவரியில் ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று பேப்பரில் போடுகிறார்கள். அதே காலையில் எங்கள் வீட்டு முன்னால் புல் முழுக்க உப்பைக் கொட்டியது போல வெள்ளையாக இருக்கிறது. தண்ணீர் உறைய பூஜ்யத்துக்குப் போக வேண்டாமா? யார் சொல்வது தப்பு?
— காந்தல் வாசகர், உதகை

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. பேப்பரில் வருவது ஓர் இடத்தின் கணக்கு, உங்கள் புல் இருப்பது வேறு இடம். இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து அடிதான் தூரம், அதுவும் மேலும் கீழுமாக.

வானிலை நிலையத்தில் வெப்பமானியை ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். பக்கங்களில் ஜன்னல் போலச் சாய்வுப் பலகை இருக்கும், காற்று போய்வரும், வெயில் நேராகப் படாது. தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது அது. வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். தரையின் சூடும் குளிரும் தொடாமல் இருக்கட்டும் என்றுதான் அந்த உயரம். ஊட்டியையும் டெல்லியையும் ஒப்பிட அது சரியான ஏற்பாடு. ஆனால் புல் அந்தப் பெட்டிக்குள் வளரவில்லை.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டே இருக்கும். புல்லின் இலை மெல்லியது, சேமித்து வைக்க அதனிடம் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்றைவிட இலை முதலில் குளிர்ந்துவிடும். இலையைத் தொட்ட காற்று குளிரும், கனம் கூடும், அங்கேயே படியும். சரிவாக இருந்தால் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா என்று ஒவ்வொரு வருடமும் அதே பெயர்கள் செய்தியில் வருவதற்கு இதுதான் காரணம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், தலைகுந்தா பக்கம் ஒரு மூங்கில் கம்பை நட்டு மூன்று வெப்பமானி கட்டினோம். ஒன்று கழுத்து உயரம், ஒன்று முழங்கால் உயரம், மூன்றாவது புல்லோடு புல்லாக. காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே 2 டிகிரி, நடுவில் பூஜ்யத்தை ஒட்டி, கீழே மைனஸ் 3. நான் குனிந்து பார்த்தபோது ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் ஊசி ஊசியாகப் பனி நின்றிருந்தது. என்னோடு வந்த மாணவி மூச்சு விட்டதும் பக்கத்தில் இருந்த இரண்டு இலைகளில் ஊசிகள் கரைந்து துளியாகின. மலையில் 1000 மீட்டர் ஏறினால் சுமாராக 6.5 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஐந்து டிகிரி வித்தியாசம் வேண்டுமானால் ஊட்டியிலிருந்து குன்னூரையும் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். அந்தக் கம்பில் அது கழுத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருந்தது.

தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையை வெட்டிக்கொண்டு வந்து நாற்றுகளுக்கு மேல் மூடி வைப்பார்களே, அது போர்வை மாதிரி சூடு தருவதாக நினைக்கிறோம். அது செய்வது வேறு. செடிக்கும் வானத்துக்கும் நடுவில் நின்று, செடி விடும் சூட்டை வாங்கி அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. அவ்வளவு மெல்லிய தழையே நாற்றைக் காப்பாற்றிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

மாணவர்களை அவலாஞ்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். சோலைக்காடு ஒரு கோடு போட்டது போல முடிகிறது. அடுத்த அடியிலேயே புல்வெளி. மழை ஒன்றுதான், காற்று ஒன்றுதான். மரம் ஏன் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்று ஒரு பையன் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
— பள்ளி ஆசிரியை, கூடலூர்

அந்தப் பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பல பத்து வருடங்களாக அறிஞர்கள் சண்டை போட்ட கேள்வி அது.

மனிதன் மரத்தை வெட்டினான், தீ வைத்தான், மாடு மேய்த்தான், அதனால்தான் புல்வெளி வந்தது என்று வெகுகாலம் சொன்னார்கள். சாண்டிநல்லாவில் உள்ள சதுப்பு நில மண்ணை ராமன் சுகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். புல்லும் மரமும் கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு, அந்த வித்தியாசம் மக்கிய மண்ணிலும் தங்கிவிடும். அதை வைத்துப் பார்த்தால், 20,000 வருடங்களுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. காலநிலைக்கு ஏற்பப் புல்லும் மரமும் மாறி மாறிக் கூடிக் குறைந்திருக்கின்றன. ஆக, புல்வெளி என்பது அழிந்த காடு கிடையாது. இதை நான் எங்கே பேசினாலும் அழுத்திச் சொல்வேன். “வெறும் புல்தானே” என்று சொல்லித்தான் இவ்வளவு இடத்தைத் தொலைத்தோம்.

சரி, மரம் ஏன் தாண்டவில்லை? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த மெஹர்-ஹோம்ஜி 1960-களிலேயே பனியைக் கை காட்டினார். ஆனால் அதைச் சோதித்துக் காட்ட, செடி நிற்கும் உயரத்தில், செடி நிற்கும் இடத்தில், இரவு முழுக்க அளக்க வேண்டும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் அதைச் செய்து 2020-இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் சோலை மரங்களின் விதையைச் சோலைக்குள்ளும் போட்டார்கள், புல்வெளியிலும் போட்டார்கள். மண்ணையும் மாற்றிப் பார்த்தார்கள். எங்கே நன்றாக முளைத்தது தெரியுமா? புல்வெளியில்தான்! எந்த மண்ணாக இருந்தாலும் புல்வெளியிலேயே அதிகம் முளைத்தது. ஆக, மண் தடுக்கவில்லை, விதையும் வராமல் இல்லை. மழைக்காலம் முழுக்கப் பார்த்தால் மரம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது என்றே சொல்லலாம். குளிர்காலம் வந்ததும் கதை மாறியது. புல்வெளியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனது, அங்கே முளைத்த சோலைக் கன்றுகளில் பெரும்பாலானவை செத்தன. பக்கத்திலேயே சோலைக்குள் உறையவே இல்லை, கன்றுகள் பிழைத்தன. பிறகு புல்வெளியில் சில இடங்களை இரவில் மட்டும் சற்றுச் சூடாக வைத்துப் பார்த்தார்கள். அங்கே கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன. பனிதான் காரணம் என்று இதைவிட நேரடியாக எப்படிக் காட்ட முடியும்?

பனி பட்ட நாவல் இனக் கன்று ஒன்றை உங்கள் மாணவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். காலையில் இலை பச்சையாகத்தான் இருக்கும், கண்ணாடி போல விறைத்து நிற்கும். வெயில் ஏறியதும் வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும். இரண்டு நாளில் கருப்பு. விரலால் நசுக்கினால் தண்ணீர் கசியும், உள்ளே செல்லெல்லாம் உடைந்திருக்கும். புல்லுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதன் குருத்து தூருக்குள், மண்ணை ஒட்டி, பழைய தாளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. மேலே கருகினாலும் கோடை மழைக்குத் துளிர்த்துவிடும்.

இங்கே நீங்களே ஒரு குறுக்குக் கேள்வி கேட்பீர்கள்: குளிர்காற்று பள்ளத்தில் இறங்கும் என்றால், சோலையும் மலை மடிப்பில்தானே இருக்கிறது? நல்ல கேள்வி. மிலாரை நினைத்துப் பாருங்கள். சோலையின் மேல் விதானம் முழுவதும் ஒரு மிலார்ப் பந்தல்தான். வானத்தைப் பார்த்துக் குளிர்வது மர உச்சி. அடியில் நிற்கும் கன்றுக்கு மேலே வானம் தெரிவதே இல்லை. சோலை இருப்பதால் உள்ளே உறைவதில்லை, உறையாததால் சோலையின் கன்று பிழைக்கிறது. புல்வெளியிலும் அப்படித்தான், திறந்து கிடப்பதால் உறைகிறது, உறைவதால் திறந்தே கிடக்கிறது. அந்தக் கோடு அவ்வளவு கூர்மையாக இருப்பது இதனால்தான். இன்னொன்றும் கவனியுங்கள், மடிப்புகள் போய்ச் சேரும் அகலமான பள்ளத்தாக்கின் அடியில் பெரும்பாலும் சோலை இருக்காது. சதுப்பும் புல்லும்தான் இருக்கும்.

ஆஸ்திரியாவில் லுன்ஸ் என்ற ஊருக்கு மேலே க்ரூன்லோக் என்று ஒரு கிண்ணப் பள்ளம் இருக்கிறது. 1932 பிப்ரவரியில் அதன் அடியில் மைனஸ் 52.6 டிகிரி பதிவானது. சாதாரணமாக மலையில் கீழே மரம், மேலே புதர், உச்சியில் புல் என்று இருக்கும். அந்தக் கிண்ணத்தில் தலைகீழ்: விளிம்பில் மரம், இறங்க இறங்கக் குட்டைப் புதர், அடியில் வெறும் புல். நான் நேரில் போனதில்லை. அதன் படத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஊட்டிப் பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும்.

பனி மரங்களைத் தடுக்கிறது என்றால், கொடைக்கானல் புல்வெளியில் சீகை மரம் மட்டும் எப்படி இப்படிப் பரவுகிறது?
— கொடைக்கானல் வாசகர்

மேலே சொன்ன அதே ஆய்வில் இதற்கும் பதில் உண்டு. வெளியூர் மரக் கன்றுகள் அந்தக் குளிர்காலத்தை நம் மரக் கன்றுகளைவிட நன்றாகத் தாங்கின. இரவுகளைச் சூடாக்கியபோது நம் மரங்களைவிட அவைதான் அதிகம் பயன் அடைந்தன. ஆஸ்திரேலியாவின் குளிர்ப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த வாட்டில் மரம்தான் இந்தச் சீகை. நம் பனி அதற்குப் பெரிய தடை இல்லை. இரவுகள் சூடாகிக்கொண்டு வரும் காலத்தில் இது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். பழனி மலையில் நாற்பது வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று 2018-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மரத்தோட்டமும் விவசாயமும் சேர்ந்து செய்தது அது.

ஆனால் ஒன்று. பழைய சீகைத் தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள், அடியில் சோலைக் கன்றுகள் முளைத்து நிற்கும். சீகையின் நிழலும் அவற்றுக்கு மிலார்ப் பந்தல்தான். ஆகவே எல்லாச் சீகையையும் ஒரேயடியாக வெட்டு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. புல்வெளிக்குள் புதிதாக நுழையும் சீகையை முதலில் எடுக்க வேண்டும். அடியில் சோலை எழும்பிவிட்ட பழைய தோட்டத்தில் அவசரப்படக் கூடாது. ஒரே நாளில் வெட்டித் திறந்தால் அந்தக் கன்றுகள் அடுத்த ஜனவரியைப் பார்க்காது.

மேடம், செயற்கைக்கோள் தகவல் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு எதற்கு ஆய்வாளர்கள் காட்டுக்குள் போய்க் கருவி நட்டுக்கொண்டிருக்கிறார்கள்?
— பொறியியல் மாணவர், கோவை

தம்பி, எந்தச் செடி எங்கே வளரும் என்று கணிக்கப் பலரும் எடுத்துக்கொள்ளும் காலநிலை வரைபடத்தில் ஒரு கட்டம் சுமார் ஒரு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குள் அவலாஞ்சியில் ஒரு சோலை, இரண்டு புல்மேடு, ஒரு சதுப்பு, ஓர் ஓடை எல்லாம் அடங்கிவிடும். அத்தனைக்கும் ஒரே எண் வரும். அந்த எண்ணும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியிலிருந்து கட்டியது. செயற்கைக்கோள் வெப்பத்தை நேரடியாகவே பார்க்கிறது, ஆனால் காட்டில் அதற்குத் தெரிவது மர உச்சி. அடியில் உள்ள கன்று அதன் கண்ணில் படாது.

அதனால்தான் காளான் மாதிரி ஒரு சின்னக் கருவியை மண்ணில் குத்தி வைக்கிறார்கள். செக் நாட்டில் செய்வது, டி.எம்.எஸ். என்பார்கள். மண்ணுக்குள் ஓர் உணரி, தரையை ஒட்டி ஒன்று, ஒரு சாண் உயரத்துக்குள் ஒன்று, மேலே வெள்ளைத் தொப்பி. மண்ணின் ஈரத்தையும் சேர்த்து அளக்கும். கால் மணிக்கு ஒருமுறை பதிந்தால் ஒரு நாளைக்கு 96 அளவு, வருடத்துக்கு 35,040. உலகம் முழுக்க இப்படிச் சேர்ந்த மண் வெப்ப அளவுகளை ஒரே இடத்தில் திரட்டும் வேலையும் நடக்கிறது. 2019-இல் பல கண்டங்களின் காட்டு அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பகல் உச்ச வெப்பம் காட்டுக்குள் வெளியைவிடச் சராசரியாக 4 டிகிரி குறைவு என்று தெரிந்தது.

உங்கள் படிப்புக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. தரையின் அளவையும் செயற்கைக்கோளையும் மலையின் வடிவத்தையும் சேர்த்து, கருவி இல்லாத இடத்துக்கும் கணக்குப் போட ஆள் வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். சோலைக் கன்றைக் கொன்றது வருடச் சராசரி இல்லை, உறைந்துபோன சில குளிர்கால இரவுகள்.

உலகம் சூடானால் செடிகள் மலை மேலே ஏறிவிடும் என்கிறார்களே?
— திருச்சி வாசகி

ஏற இடம் இருந்தால் ஏறும். தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர், அதற்கு மேல் வானம்தான். ஆனால் பக்கவாட்டிலும் நகரலாம். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் சரிவுகளின் தரை வெப்பத்தை ஷெரர், கோர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஒரே சரிவில் சில மீட்டர் தள்ளியே பெரிய வித்தியாசம் இருந்தது. பாறையின் மறுபக்கம், ஒரு குழி, ஒரு மேடு என்று குளிர்ந்த மூலை கிடைத்தால் செடி நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறாமலே தப்பிக்கலாம். எந்த மூலை என்று அளக்காமல் சொல்ல முடியாது.

சென்னையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆப்பில் 36 டிகிரி காட்டும் நாளில் என் புதினா வதங்கிப் போகிறது. கீழே தரையில் வைத்திருக்கும் தோழியின் புதினா நன்றாக இருக்கிறது. இருவரும் ஒரே அளவுதான் தண்ணீர் ஊற்றுகிறோம்.
— மடிப்பாக்கம் வாசகி

இலையைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு வெப்பமானியைத் தொட்டியின் மேற்குப் பக்கம் மண்ணில் குத்திப் பாருங்கள். கருப்புத் தொட்டி என்றால் அந்த எண் உங்களைத் திடுக்கிட வைக்கும். தரையில் நட்ட செடிக்கு வேர் இறங்கக் குளிர்ந்த மண் உண்டு, தொட்டியில் நான்கு பக்கமும் சுடும். தளமும் இரவெல்லாம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், நெருக்கி வையுங்கள், மேற்குப் பக்கம் ஒரு பலகையைச் சாய்த்து மறையுங்கள், மண்ணின் மேல் காய்ந்த சருகை மூடுங்கள். பிறகு அதே இடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள்.

ஏற்காட்டில் எங்கள் பள்ளியில் இயற்கை மன்றம் இருக்கிறது. விலை உயர்ந்த கருவி வாங்க வசதி இல்லை. நாங்களும் இப்படி அளக்க முடியுமா?
— மன்றப் பொறுப்பாசிரியர், ஏற்காடு

தாராளமாக முடியும் ஐயா. நான்கு சாதாரண வெப்பமானி போதும். முதலில் நான்கையும் ஒன்றாக ஒரு பிளாஸ்கில், நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து அதில் வையுங்கள். எல்லாம் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று அரை டிகிரி தள்ளிக் காட்டினால் அதன் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும், கூடுதலாகக் காட்டுவதென்றால் அதைக் கழியுங்கள், குறைவாகக் காட்டுவதென்றால் கூட்டுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கிய பள்ளிகள் பிறகு வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் பனியைவிட வறட்சிதான் செடிகளைப் பிரிக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே இரண்டு இடம் எடுங்கள்: ஒன்று திறந்த வெளி, ஒன்று மரத்தடியில் பாசியும் பெரணியும் இருக்கும் இடம். இரண்டிலும் இரண்டிரண்டு வெப்பமானி. ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, அதன் நுனி தண்ணீர்ச் சிமிழில் தொங்கட்டும். காற்று காய்ந்திருந்தால் துணியிலிருந்து ஈரம் வேகமாகப் போகும், அந்த வெப்பமானி இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் காற்றின் தாகம். மதியம் இரண்டு மணிக்கு அந்த இடைவெளி திறந்த வெளியில் எவ்வளவு, பாசிக்குப் பக்கத்தில் எவ்வளவு என்று பிள்ளைகளே பார்க்கட்டும். வெப்பமானிக்கு மேல் ஒரு வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து நிழல் கொடுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். நேர் வெயில் பட்டால் அது காட்டுவது கருவியின் சூடு, காற்றின் சூடு அல்ல.

ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் உள்ள செடிகளைப் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வரைந்து வையுங்கள். ஏப்ரல், மே கட்டாயம் வேண்டும். விடுமுறையாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுங்கள். வருட முடிவில் நோட்டை எனக்கு அனுப்புங்கள், இந்தப் பகுதியிலேயே போடுகிறேன். தேதி, நேரம், அத்தோடு தரையிலிருந்து வெப்பமானியின் உயரம், இந்த மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். உயரம் எழுதாத அளவை நான் வகுப்பில் வாங்கிக்கொண்டதே இல்லை.